பிளேயரின் இடது பக்கம்

"சாமி, இன்னைக்கும் இடது பக்கம் கேட்கலை" என்று சொல்லிக்கொண்டே ஆவுடையப்பன் மடத்துச் சமையல்கட்டுக்குள் வந்தார்.

குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சமையல் செய்த செங்கமலம் போன பிறகு அந்த வேலையை எல்லோரும் பங்கு போட்டுச் செய்துவந்தார்கள்.

ஆவுடையப்பன் குருவைவிட வயதில் மூத்தவர். மறைந்த பெரிய சாமியிடம் குருவுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்தவர். பெரிய சாமி பாடிய பாட்டெல்லாம் தீப்பெட்டி அளவுள்ள ஒரு எம்.பி.3 பிளேயரில் இருந்தது. அதைக் காப்பது ஆவுடையப்பன் பொறுப்பு. விடிந்ததும் இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பாட்டு முடியும்வரை யாரும் அவரிடம் பேசக் கூடாது.

"என்னென்ன செஞ்சு பார்த்தீங்க?" என்றார் குரு.

"என்ன செய்யலை? நாள் முழுக்கச் சார்ஜ் போட்டேன். குண்டூசியை விட்டு ரீசெட் பண்ணினேன். இயர்போன் சொருகுற ஓட்டையைப் பஞ்சு வெச்சுத் துடைச்சேன். ஈரம் இழுக்கட்டும்னு அரிசிப் பானைக்குள்ள புதைச்சுக்கூட வெச்சேன்."

"அதான் நேத்து சோத்துல பஞ்சு கிடந்துச்சா?"

ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. "புது இயர்போனும் வாங்கியாச்சு. 'பெரியவரே, இதையெல்லாம் இன்னுமா வெச்சிருக்கீங்க, தூக்கிப் போடுங்க'ங்கிறான் கடைக்காரன். அவனுக்கென்ன தெரியும்? எல்லாம் அந்தச் செங்கமலம் பண்ணின வேலை. ஈரக் கையோட தொட்டா. என் கண்ணால பார்த்தேன்."

குரு கீரையைக் கீழே வைத்தார்.

செங்கமலமும் அந்த மடத்துச் சிஷ்யைதான். காய் நறுக்கும்போது ஒருநாள் பிளேயரை எடுத்துக் கேட்டாள். போன மாதம் ஆவுடையப்பன் எல்லோரையும் கூட்டி வைத்து அவள்மேல் குற்றம் சொன்னார். குற்றம் சாட்டப்பட்டவர் மறுத்துப் பேசக் கூடாது என்பது பெரிய சாமி காலத்திலிருந்து அங்கே விதி. அப்படித்தான் ஆணவம் கரையும் என்பார் அவர். செங்கமலம் பேசவில்லை. ஆவுடையப்பன்தான் பேசினார், வெகுநேரம் பேசினார். குரு அவளைப் போகச் சொன்னார். தனக்குப் போடும் சோற்றுக்காகத் தினமும் சண்டை நடக்கும் தம்பி வீட்டிலிருந்து தப்பித்துத்தான் அவள் மடத்துக்கு வந்திருந்தாள். துணிப்பையைத் தூக்கிக்கொண்டு அதே வீட்டுக்குத் திரும்பிப் போனாள்.

"மாட்டிக்குங்க. பாட விடுங்க" என்றார் குரு.

ஆவுடையப்பன் மாட்டிக்கொண்டார்.

"எந்தப் பக்கம் கேட்குது?"

"வலது."

குரு இரண்டையும் பிடுங்கி, வலது காதில் இருந்ததை இடது காதிலும் இடது காதில் இருந்ததை வலது காதிலும் சொருகினார்.

"இப்ப?"

பிளேயரில் கோளாறு என்றால் பாட்டு இப்போது இடது காதில் கேட்க வேண்டும். பெரிய சாமியின் குரல் வலது காதில்தான் கேட்டது. ஒரு பிசிறும் இல்லாமல் கேட்டது.

"சரியா மாத்தினீங்களா சாமி?"

"நீங்களே மாத்துங்க."

மாற்றினார். திரும்பவும் மாற்றினார். இரண்டையும் கழற்றிவிட்டு இடது காதருகே விரலைச் சொடுக்கிப் பார்த்தார். பிறகு வலது காதை உள்ளங்கையால் அழுத்தி மூடினார். முற்றத்தில் கத்திக்கொண்டிருந்த காகங்கள் வாயை மட்டும் திறந்து திறந்து மூடின.

அவர் மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

"சாமிக்கு முன்னமே தெரியுமா?"

"போன வாரம் நீங்க குளிக்கப் போனப்போ எடுத்துக் கேட்டேன். ரெண்டு பக்கமும் நல்லாத்தான் பாடுச்சு."

"ஏன் என்கிட்டச் சொல்லலை?"

"சொல்லியிருந்தா, பழி போட இன்னொரு ஆளைத் தேடியிருப்பீங்க."

ஆவுடையப்பனுக்கு முகம் சுண்டிப்போனது. "அன்னைக்கு நீங்களாவது அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார்.

"கேட்டிருக்கலாம். கேட்கக் கூடாதுன்னு விதி இல்லை. அவ பேசக் கூடாதுன்னுதான் விதி. எனக்கு அது வசதியா இருந்துச்சு."

ஆவுடையப்பன் சட்டென்று எழுந்தார். "நான் போறேன். கால்ல விழுந்தாவது அவளைக் கூட்டிட்டு வர்றேன்."

"நான் நேத்தே போனேன். தப்பு எங்க மேலதான், வந்துடு தாயின்னு சொன்னேன்."

"வரமாட்டேன்னுட்டாளா?"

"இல்லை."

"அப்ப வர்றேன்னாளா?"

"அதுவும் இல்லை."

"ஏதாவது சொல்லியிருப்பாளே சாமி? திட்டினாளா?"

குரு கீரையைக் கையில் எடுத்தார்.

"வாயே திறக்கலை. தலையைக் குனிஞ்சுகிட்டு நின்னா. நாம சொல்லிக்கொடுத்ததை அவ ஒருத்திதான் ஒழுங்காக் கத்துக்கிட்டிருக்கா."