வீட்டுக்குள்ளே தைத்த சேணம்

கோணப்புளியூரில் முட்டாள்கள் யாரும் கிடையாது. ஊர் கூடி ஆளுக்கு ஆள் விசாரித்துப் பார்த்ததில் ஒருவர்கூட ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே நான் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன், மற்றது உங்கள் பாடு.

அந்த ஊரில் உடையப்பன் என்று ஒருவன். தாய் தகப்பன் போன பிறகு தங்கச்சி செம்பாயியைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தவன். நாலு மூலைக்கு நாலு கால் நட்டு, சுற்றிலும் ஓலைத் தட்டி கட்டி, மேலே கூரை போட்ட வீடு அவனுடையது. செம்பாயிக்கு மேலத்தெரு வீரணனைப் பேசி முடித்து, தை மாதத்தில் கல்யாணம் என்று நாளும் குறித்தாகிவிட்டது.

மாப்பிள்ளையின் தாய்மாமன் மொக்கையாண்டி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"எங்க வம்சத்துல மாப்பிள்ளை குதிரை ஏறி வந்துதான் பொண்ணு வீட்ல எறங்கணும். நடந்து வரணும்னா நாங்க வந்த வழியே நடந்து போயிருவோம். பெறகு பொண்ணுக்கு வேற எடம் பாத்துக்கங்க."

ஊரில் குதிரை வைத்திருந்தவர் ராவுத்தர் ஒருவர்தான். தங்கமான மனிதர். "குதிரையச் சும்மாவே கூட்டிட்டுப் போ, உடையப்பா. ஆனா சேணத்தை எலி தின்னுபோச்சு. சேணமில்லாம ஏறுனா மாப்பிள்ளை வால் வழியா எறங்கிருவாரு" என்றார்.

டவுனில் சேணம் தைக்கிறவரிடம் சொல்லி அனுப்பினால், கைவசம் ஆறு மாத வேலை கிடக்கிறது என்றார். ஆனாலும் கல்யாணக் காரியம் ஆயிற்றே என்று மனம் இரங்கி, ஒரு தோல், இரண்டு ஊசி, துளை போட ஒரு குத்தூசி, மெழுகு தேய்த்த நூல் எல்லாம் கொடுத்தனுப்பினார். கூடவே வீட்டில் பட்டறை போட்டுச் சேணம் தைக்கும் முறையை ஒரு தாளில் எழுதி வைத்தார். பாவம், படிக்கப் போகிறவர்கள் யார் என்று அவருக்குத் தெரியாது.

உடையப்பனும் அவனுடைய அத்தை மகன் குழந்தையனும் தாளுக்கு நாலு மூலையிலும் மஞ்சள் வைத்துக் கும்பிட்டுவிட்டு, எழுத்துக் கூட்டிப் படித்தார்கள்.

"இதுல சொன்னதுக்கு மேல ஒண்ணும் செய்யக் கூடாது, கீழயும் ஒண்ணும் செய்யக் கூடாது. தங்கச்சி வாழ்க்கைடா" என்றான் உடையப்பன்.

முதல் வரி: தோலை நனைத்து நிழலில் உலர்த்தவும்.

காலையில் புளியமரத்து நிழலில் தோலை விரித்துவிட்டு இரண்டு பேரும் காவல் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் தோலின் ஓரத்தில் வெயில் பட்டது.

"மச்சான், நிழலு நகருது!"

"விடாத, கூடவே போ."

தோலை இழுத்தார்கள். நிழல் மறுபடி நகர்ந்தது. இவர்கள் மறுபடி இழுத்தார்கள். உச்சிவேளையில் நிழல் மரத்தடியில் சுருண்டது. இவர்களும் தோலைச் சுருட்டி மரத்தடியில் வைத்தார்கள். சாயங்காலம் நிழல் பக்கத்து மாட்டுக் கொட்டகையை எட்டி அதன் கூரைமேல் ஏறியது. குழந்தையனும் தோலைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினான். பொழுது விழுந்ததும் கூரையிலிருந்தபடியே நாலு பக்கமும் தேடினான்.

"நிழலைக் காணோம் மச்சான்!"

"தோலு காஞ்சிருச்சாடா?"

"அது காலையிலயே காஞ்சிருச்சு. நிழலு நிக்கலையேன்னுதான் நானும் நிக்கல."

இரண்டாவது வரி: குதிரை முதுகு போலவே ஒரு தாங்கி செய்து பட்டறையில் நிறுத்தவும். அது அசையக் கூடாது.

இதில்தான் உடையப்பனுக்கு ஒரு பகல் முழுக்கப் போனது. "குதிரை முதுகு மாதிரி நம்ம ஊர்ல என்னடா இருக்கு?"

"நெல்லுப் பானையக் கவுத்தா ஓரளவுக்கு வரும். இல்லாட்டி மொக்கையாண்டி மாமாவக் குனியச் சொல்லலாம்."

"சம்பந்தியக் குனியச் சொன்னா நல்லாவா இருக்கும்? ஓரளவு வேணாம்டா, அச்சு அசலா வேணும்."

குழந்தையன் கண்ணை மூடி யோசித்தான். "அச்சு அசலான்னா குதிரைதான் இருக்கு மச்சான்."

உடையப்பன் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். இவ்வளவு அறிவை வைத்துக்கொண்டு இவன் இத்தனை நாள் மாடு மேய்த்தானே என்று அவனுக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

ராவுத்தரின் குதிரை அப்போது எலும்பும் தோலுமாக இருந்தது. வாசலில் தலையைக் குனிந்து சுலபமாக உள்ளே வந்துவிட்டது. ஆனால் தாங்கிக்குரிய அடக்கம் அதனிடம் இல்லை. காலை மாற்றியது, வாலை வீசியது, திரும்பிப் பார்த்தது. கவனித்துப் பார்த்ததில் தீனி தின்னும்போது மட்டும் அது கல் மாதிரி நின்றது. அவ்வளவுதான், செம்பாயி சோளத்தட்டையும் கொள்ளும் வைத்துக்கொண்டு அதன் வாய்க்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள். வாய் நின்றால் கால் நகரும் என்பதால், பன்னிரண்டு நாள் அந்த வாயை அவள் நிற்க விடவில்லை.

மூன்றாவது வரி: ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, இரு பக்கத்திலிருந்தும் ஒரே துளையில் விட்டுத் தைக்கவும். அப்போதுதான் சேணத் தையல் உறுதியாக நிற்கும்.

குதிரைக்கு அந்தப் பக்கம் ஒருவன், இந்தப் பக்கம் ஒருவன். துளை ஒன்று, ஊசி இரண்டு.

"நீங்க மொதல்ல விடுங்க மச்சான்."

"சேச்சே, நீ விடு."

"பெரியவங்க இருக்கும்போது நான் விட்டா மரியாதையா?"

இப்படியே ஒவ்வொரு துளைக்கும் உபசாரம் நடந்தது. சேணத்தில் இருநூற்றுச் சொச்சம் துளை. தையலைவிட மரியாதைக்குத்தான் அதிக நாள் பிடித்தது என்று பிறகு செம்பாயி சொன்னாள்.

கடைசி வரி: தையல் ஓரிடத்திலும் விட்டுப்போகக் கூடாது. எனவே வயிற்றுக்கு அடியில் வரும் வாரையும் இரண்டு முனை சேர்த்துக் கெட்டியாகத் தைத்து முடித்தார்கள். கொக்கி போட வேண்டும் என்று தாளில் இல்லை. டவுன்காரர் அதை யாருக்கும் சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருப்பார்.

கல்யாணத்தன்று காலையில் சேணம் தயார். பார்க்கவும் நன்றாகவே இருந்தது. உடையப்பன் பெருமையோடு குதிரையைக் கயிற்றைப் பிடித்து வெளியே நடத்தினான். தலை வந்தது, கழுத்து வந்தது, அத்தோடு நின்றுவிட்டது. பன்னிரண்டு நாள் சோளத்தட்டை வயிற்றில் நின்றது. அதற்கு மேல் சேணம் வேறு. முன்னால் பத்துப் பேர் இழுத்தார்கள், பின்னால் பத்துப் பேர் தள்ளினார்கள். வாசல்தான் கிறீச்சிட்டது.

"சேணத்தைக் கழத்திப் பாப்பமா?" என்றார் ஒருவர்.

"தையலப் பிரிக்கணுமே!"

"அப்ப தட்டியப் பிரிங்க."

உடையப்பன் காதைப் பொத்திக்கொண்டான். "கல்யாண வீட்ல நின்னுக்கிட்டு பிரி, பிரின்னு சொல்றீங்களே, வெளங்குமா?"

சொன்னவர்கள் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தார்கள். மேலத்தெருவில் மேளச் சத்தம் கேட்டது. பொழுது ஏறிக்கொண்டே போனது. செம்பாயி பட்டுச் சேலையோடு ஒரு ஓரத்தில் நின்று கண்ணைத் துடைப்பதைப் பார்த்ததும் உடையப்பன், தாயில்லாப் பிள்ளையின் கல்யாணம் தன் கையாலேயே கெட்டதே என்று தலையில் அடித்துக்கொண்டான்.

அப்போதுதான் குழந்தையன் கண்ணை மூடி யோசித்தான்.

"மச்சான், குதிரை வீட்டை விட்டுத்தானே வராது? வீட்டோட வரச் சொல்லுவோம்."

ஒரே நேரத்தில் எல்லோரும், "அட, ஆமா!" என்றார்கள்.

இருபது பேர் சேர்ந்து நாலு காலையும் மண்ணிலிருந்து பிடுங்கி, ஏலேலோ போட்டு வீட்டைத் தூக்கினார்கள். அடுப்பும் குடமும் செம்பாயியும் இருந்த இடத்திலேயே வெட்டவெளியில் இருக்க, வீடு மட்டும் மேலத்தெருவுக்குப் புறப்பட்டது. உள்ளே குதிரை நடந்தது. உடையப்பன் கூரை விழாமல் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே ஓடினான்.

மொக்கையாண்டி வீட்டைச் சுற்றி வந்து பார்த்தார். "குதிரை இருக்கா?"

"இருக்கு மாமா, உள்ள" என்றான் குழந்தையன்.

வீரணன் வாசல் வழியாக உள்ளே போய்ச் சேணத்தில் ஏறி, கூரை இடிக்காமல் குனிந்து குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். மேளம் முன்னால் போக, ஊர்வலம் திரும்பியது. மாப்பிள்ளையை யாராலும் பார்க்க முடியவில்லை. ஆனாலும் வீட்டைப் பார்த்தே எல்லோரும் குலவையிட்டார்கள்.

ஊர்வலம் ஊரைச் சுற்றிக்கொண்டு திரும்பிய வழியில் ஒரு வறண்ட வாய்க்கால். தூக்கியவர்கள் கரைமேல் ஏறும்போது வீடும் உயரப் போனது. வாய்க்காலுக்குள் பச்சைப் பசேல் என்று அருகம்புல். குதிரை அங்கேயே நின்று மேய ஆரம்பித்தது. வீடு போய்விட்டது. தலைக்கு மேலே திடீரென்று ஆகாயம் தெரிந்ததும் வீரணன் அலறிவிட்டான்.

"மாமா! குதிரை வெளிய வந்திருச்சு!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பட்டப்பகலில், வெட்டவெளியில், சேணம் போட்ட குதிரைமேல் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தான்.

உடையப்பனுக்கு உயிரே போய்விட்டது. "என்னங்கடா வேடிக்கை பாக்குறீங்க? சம்பந்தி பாக்குறதுக்குள்ள மூடுங்கடா!"

இருபது பேரும் வீட்டோடு ஓடி வந்து குதிரைமேல் பதமாகக் கவிழ்த்தார்கள். பிறகு குழந்தையன் ஒரு கட்டு அருகம்புல்லைக் குதிரைக்கு முன்னால் காட்டிக்கொண்டே நடக்க, இந்தத் தடவை தவறாமல் பெண் வீடு இருந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

நடுவில் செம்பாயி ஆரத்தித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். வீடு அவள்மேல் மெதுவாக இறங்கியது. உள்ளே வீரணன் குதிரையைவிட்டு இறங்கி, முறைப்படி பெண் வீட்டில் கால் வைத்தான். தாலி கட்டியாயிற்று. உடையப்பன் அழுதான், சிரித்தான், மறுபடி அழுதான்.

மொக்கையாண்டி வெற்றிலையை மென்றபடி எழுந்து நின்றார். "ஊர்ல மாப்பிள்ளைங்க வெறுங்கையை வீசிக்கிட்டு வருவாங்க. எங்க வீரணன் அப்படியா வந்தான்? பொண்ணு வீட்டுக்காரங்க கூரையில்லாம வெட்டவெளியில நிக்கிறதப் பாத்து, கையோட ஒரு வீட்டையே கொண்டாந்துட்டான்!"

உடையப்பன் சம்பந்தியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அப்புறம் புது வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். நாலு காலும் பழைய குழியிலேயே அளவாக உட்கார்ந்திருந்தன. அடுப்புக்கு நேர் மேலே கூரையில் புகைக்கறைகூட இருந்தது.

"நம்மளக் கேட்டுக் கட்டுன மாதிரியே இருக்குடா குழந்தையா."

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு மச்சான்" என்ற குழந்தையன், சம்பந்தி காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஆனா இந்த வீட்டுக்குள்ளயும் யாரோ ஒரு குதிரைய நிப்பாட்டி வச்சிருக்காங்களே!"