வயலோரத்துக் கதிர்

ஒலிவ மரங்களும் கல் மேடுகளும் நிறைந்த ஒரு தேசத்தில், நம் பாட்டனுக்கும் பாட்டன் பிறப்பதற்கு முன்னால், ஓமார் என்று ஓர் அரசன் இருந்தான். அவனைக் கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. தினமும் கோயிலுக்குப் போவான். பண்டிகை வந்தால் கொழுத்த காளைகளைப் பலி கொடுப்பான். பக்திப் பாட்டு கேட்டால் கண் கலங்குவான். கெட்டவர்களால் மட்டும்தான் ஊர் கெடும் என்று நினைப்பவர்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. அறுவடையின்போது வயலின் ஓரங்களை அறுக்க மாட்டார்கள். நான்கு பக்கமும் கதிரை அப்படியே நிற்க விடுவார்கள். நிலம் இல்லாதவர்கள், கணவனை இழந்தவர்கள், வேற்றூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள் எல்லாரும் வந்து அதைப் பறித்துக்கொள்ளலாம். யாரிடமும் கேட்க வேண்டாம், யாரையும் கும்பிட வேண்டாம். அது அவர்களுடைய பங்கு. ஆண்டவரே வகுத்த சட்டம் என்று சொல்லுவார்கள்.

அந்த உரிமை இருந்ததால் ஏழைகள் கதிர் முற்றுவதற்கு முன்பே வரப்பில் நடமாடுவார்கள். கீரை பறிப்பார்கள். மண்ணிலிருந்து பொரித்து வரும் வெட்டுக்கிளிக் குஞ்சுகளைப் பிடித்துக் கூடையில் போட்டுக்கொள்வார்கள். உப்புப் போட்டு வறுத்தால் அவர்களுக்கு அது ஒரு வேளைச் சாப்பாடு. நிலக்காரர்கள் அதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள்.

ஊர் மதிலின்மேல் ஒரு காவல் கோபுரம். அதில் அசரியேல் என்ற காவல்காரன் ஆட்டுக்கடாக் கொம்பும் கையுமாக நிற்பான். அவனுக்கு ஒரு கடுமையான சட்டம் உண்டு. ஆபத்தைப் பார்த்தும் கொம்பு ஊதாவிட்டால், செத்தவர்களின் ரத்தப்பழி அவன் தலையில். ஆபத்து இல்லாமல் ஊதிவிட்டால், கொம்பை உடைத்து அவனை ஊரைவிட்டே துரத்திவிடுவார்கள். பாவம், அந்த மனிதனுக்குத் தொண்டையில் எதுவும் இறங்காது. தூரத்தில் தூசி பறந்தால் படையோ என்று நடுங்குவான். கிட்டே வந்தால் ஆட்டு மந்தையாக இருக்கும்.

ஒரு வருஷம் விளைச்சல் அமோகமாக இருந்தது. அரசன் எல்லாரையும் கூட்டிச் சொன்னான்:

"கோயிலுக்குப் பொன்னால் வாசல் வைப்போம். அதற்காக ஓரக் கதிரையும் சேர்த்து அறுத்துவிடுங்கள். ஏழைகளுக்குப் போவதைவிட ஆண்டவருக்கே போவது நல்லதுதானே?"

பூசாரிகள் தலையாட்டினார்கள். கோயில் பேரைச் சொல்லிக் கொஞ்சம் தங்கள் களத்திலும் சேருமே என்று நிலக்காரர்களுக்கு வாயெல்லாம் பல்.

அசரியேல் கோபுரத்திலிருந்து பார்த்தான். எல்லா வயல்களும் வரப்பு வரைக்கும் மொட்டையாகக் கிடந்தன. கொம்பைத் தூக்கினான். 'கதிர் அறுத்ததற்கு யாராவது கொம்பு ஊதுவார்களா?' என்று நினைத்துக் கீழே வைத்துவிட்டான்.

மறுநாள் மில்காள் என்ற விதவை தன் சின்ன மகளோடு வயலோரம் போனாள். நிலக்காரனின் ஆட்கள் அவள் கூடையைப் பிடுங்கிக் கிழித்து எறிந்தார்கள். அவள் போட்ட கூச்சல் கோபுரம் வரைக்கும் கேட்டது. அசரியேல் கொம்பை உதடுவரை கொண்டுபோனான். 'ஒரு பெண் அழுததற்கா ஊரைக் கூட்டுவது?' என்று மறுபடியும் இறக்கிவிட்டான்.

அதற்கும் மறுநாள் ஊர் வாசலில் மூட்டை முடிச்சுகளோடு ஒரு கூட்டம் வெளியே போய்க்கொண்டிருந்தது. முன்னால் மில்காள்.

"எங்கே அம்மா போகிறீர்கள்?" என்று மேலிருந்து கத்தினான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "கல் பள்ளத்தாக்குக்குப் போகிறோம் அண்ணா. இந்த ஊரில் எங்களுக்கு இனி என்ன இருக்கிறது? நீங்களும் மேலே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்?"

அந்தச் சொல் அவனைச் சுட்டது. மூன்றாம் முறை கொம்பைத் தூக்கினான். மூச்சு முட்ட ஊதினான்.

ஈட்டியும் கேடயமுமாக ஊரே மதிலுக்கு ஓடி வந்தது. அரசன் மூச்சிரைக்கக் கேட்டான்: "எதிரி எங்கே? எந்தப் பக்கம் வருகிறார்கள்?"

"யாரும் வரவில்லை அரசே. போகிறார்கள். அதுதான் ஆபத்து."

சிலர் சிரித்தார்கள். பூசாரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இந்த ஊரில் என்னடா குறைந்துவிட்டது? பலி குறைந்ததா? பாட்டு குறைந்ததா? பண்டிகை குறைந்ததா?"

"நியாயம் குறைந்துவிட்டது ஐயா. அது இல்லாமல் நாம் பாடுகிற பாட்டு ஆண்டவர் காதுக்கு வெறும் இரைச்சல்தான்."

"சரி, என்ன வரும்? வாளா, தீயா, வெள்ளமா?" என்றான் அரசன்.

அசரியேல் மொட்டை வயல்களைத் திரும்பிப் பார்த்தான். "தெரியாது அரசே. ஆனால் ஏதோ வரும். எனக்குப் பயமாக இருக்கிறது."

மூன்று நாள் படை மதில்மேல் நின்றது. வாளும் வரவில்லை, தீயும் வரவில்லை, வெள்ளமும் வரவில்லை. நான்காம் நாள் கொம்பை உடைத்து அவன் கையிலேயே கொடுத்துத் துரத்திவிட்டார்கள்.

அவனும் கல் பள்ளத்தாக்குக்குப் போய்ச் சேர்ந்தான். அங்கே ஏழைகள் கல்லைப் பொறுக்கிப் போட்டு, கையகல நிலத்தில் வாற்கோதுமை விதைத்திருந்தார்கள். வேலை முடிந்ததும் அசரியேல் ஒரு பாறைமேல் உட்கார்ந்து ஊர் இருக்கும் திசையையே பார்ப்பான்.

மில்காளுக்குப் பொறுக்கவில்லை. "துரத்திவிட்ட ஊரை எதற்கு அண்ணா இப்படிப் பார்க்கிறீர்கள்? அது அழிந்தால்தானே உங்கள் சொல் பலிக்கும்?"

"பலிக்க வேண்டாம் அம்மா. நான் பொய்யனாகவே போகிறேன். அங்கே குழந்தைகள் இருக்கிறார்கள்."

குளிர் காலம் போய் வயல்கள் பச்சை கட்டின. ஊரில் புதிய காவல்காரன், கையில் வெள்ளிக் கொம்பு. அவன் கண் எப்போதும் தொலைதூரத்தில்தான் இருந்தது. ஆபத்து அங்கிருந்துதானே வரும்! வரப்பில் மண் அசைந்தது, யாரும் பார்க்கவில்லை. குஞ்சுகள் பொரித்தன, பிடிக்க ஒரு கூடைகூட வரவில்லை. சிறகு முளைத்து, ஊரைச் சுற்றி ஒரே நேரத்தில் அவை எழும்பியபோதுதான் வெள்ளிக் கொம்பு ஊதியது. அதற்குள் வெயில் மறைந்துவிட்டது.

வெட்டுக்கிளிகள் கதிரைத் தின்றன, இலையைத் தின்றன, அத்திமரத்தின் பட்டையையும் தின்றன. பூசாரிகள் பாடினார்கள். காளைகளைப் பலியிட்டார்கள். பொன் வாசல் மட்டும் மின்னிக்கொண்டு நின்றது. கடைசியில் காற்று திரும்பி அந்தக் கூட்டத்தைக் கடல் பக்கம் அடித்துக்கொண்டு போயிற்று.

ஊருக்குமேல் எழுந்த பழுப்பு மேகத்தை அசரியேல் பாறையிலிருந்து பார்த்தான். உடைந்த கொம்பை மார்போடு அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதான். சொன்னது பலித்ததற்காக ஒரு மனிதன் அப்படி அழுததை மில்காள் அதற்குமுன் பார்த்ததில்லை.

கல் பள்ளத்தாக்கில் குஞ்சுகள் பொரித்தபோதே பெண்கள் கூடை கூடையாகப் பிடித்து வறுத்துவிட்டார்கள். பயிர் தப்பியது. அறுவடை வந்தது.

"இருப்பதே கொஞ்சம். ஓரத்தையும் அறுத்துவிடலாமே?" என்றார்கள் சிலர்.

மில்காள் கேட்கவில்லை. ஓரத்தை விட்டுவிட்டுத்தான் அறுத்தாள்.

இரண்டொரு நாளில் ஊர்ஜனம் பள்ளத்தாக்குக்குள் தள்ளாடிக்கொண்டு வந்தது. எல்லாரும் பசியில் காதடைத்து நின்றார்கள். அவர்களில் ஓமாரும் இருந்தான். கிரீடம் இல்லை, காலில் செருப்பும் இல்லை. நிற்கிற கதிரைப் பார்த்தான். தொடத் துணியவில்லை.

"இதை எடுக்க யாரிடம் அம்மா கேட்க வேண்டும்?" என்றான்.

மில்காளுக்குக் கோபம் ஆறியிருக்கவில்லை. கிழிந்த கூடை அவள் கண்முன் வந்தது. பக்கத்தில் அசரியேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான், அவள் என்ன சொல்லிவிடுவாளோ என்று. அரசனுக்குப் பின்னால் ஒரு குழந்தை வெறும் விரலைச் சப்பிக்கொண்டிருந்தது.

"யாரிடமும் கேட்க வேண்டாம் ஐயா," என்றாள் மில்காள். "யாரையும் கும்பிடவும் வேண்டாம். இது இல்லாதவர்களுடைய பங்கு. இன்றைக்கு உங்களுடையது."

தன் கூடையை எடுத்து அவனிடம் நீட்டினாள். அரசன் குனிந்து கதிரைப் பறித்தான். பழக்கமில்லாத கையில் கதிரின் தாள் கீறி ரத்தம் வந்தது. அழுதுகொண்டே பறித்தான். முதல் பிடியை அந்தக் குழந்தைக்குக் கொடுத்தான்.

ஆகவே கேட்டவர்களே, ஏழையின் பங்கைப் பிடுங்கி ஆண்டவருக்குப் படைத்தால், ஆண்டவர் அதை வாங்கிக்கொள்வதில்லை.