விண்ணகம் வாய் மூடிய அரை மணி

"பரலோகத்து நாலு ஜீவனுக்கும் மொத்தம் எத்தனை இறக்கைன்னு கேட்டா தூக்கத்துல கூடச் சொல்வீங்க. நேத்து நான் என்ன சொன்னேன்னு கேட்டா முழிப்பீங்க."

தெக்கிலா சொன்னது இவ்வளவுதான். சொல்லிவிட்டு ஐந்தாவது சேலையை மடித்துப் பையில் வைத்தாள்.

ஆளுக்கு ஆறாக இருபத்து நான்கு என்ற விடை அவள் புருஷன் ஞானாதிக்கத்தின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நல்லவேளை, விழுங்கிக்கொண்டார்.

எங்கே கிளம்புகிறாள் என்று கேட்டார். மதுரையில் மகள் வீட்டுக்கு, நாலு மணி பஸ்ஸில் என்றாள்.

எப்போது திரும்புவாள் என்று கேட்டார்.

"வந்தா தெரியும்."

அவள் எடுத்திருந்தது பெரிய பை. இரண்டு நாளுக்குப் போகிறவர்கள் கம்பளி எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள். அதுவும் மதுரைக்கு.

ஞானாதிக்கம் அந்தப் பங்குக் கோயிலின் உபதேசியார். முப்பத்தோரு வருஷமாக மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பவர். புதன்கிழமை தோறும் கோயில் கூடத்தில், வேதத்தின் கடைசிப் புத்தகமான திருவெளிப்பாட்டுக்கு விளக்கம் சொல்வார். பத்துக் கொம்பு என்றால் இன்னது, வெள்ளைக் குதிரை என்றால் இன்னது, கண்ணாடிக் கடல் என்றால் திருமுழுக்கு. எதைக் கேட்டாலும் அவரிடம் சாவி இருந்தது.

போன புதன்கிழமை, பரலோகத்துச் சுருளின் ஏழு முத்திரைகளில் ஏழாவதின் முறை.

மற்ற முத்திரைகளை உடைத்தால் குதிரை வரும், பஞ்சம் வரும், பூமி அதிரும். ஏழாவதை ஆட்டுக்குட்டியானவர் உடைத்தபோது ஒன்றுமே வரவில்லை. விண்ணகத்தில் அரை மணி நேரம் அமைதி. வேதத்தில் அவ்வளவுதான் இருக்கிறது.

ஞானாதிக்கம் அதற்கு ஒன்பது விளக்கங்கள் திரட்டி வைத்திருந்தார். அந்த அரை மணி மௌனத்தைப் பற்றி ஒரு மணி நாற்பது நிமிஷம் பேசினார்.

நடுவில் கடைசி பெஞ்சிலிருந்து தெக்கிலா கை தூக்கினாள். எழுந்தும் நின்றாள். கேள்விகள் எல்லாம் கடைசியில் என்றார். கடைசி என்ற ஒன்று அன்றைக்கு வரவே இல்லை. நாலாவது விளக்கத்தில் உட்கார்ந்தவள், ஏழாவது விளக்கத்தில் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிலிருந்து வீட்டில் குழம்பு இருந்தது, பேச்சு இல்லை. நேற்றுத்தான் ஏதோ சொன்னாளாம். இன்று சேலை மடிக்கிறாள்.

அவருக்கோ சனிக்கிழமை வேலை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கொடுக்கும் கோதுமை அப்பம், ஓஸ்தி, வாங்கி வர வேண்டும். டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று ஏதாவது சொல்லலாமா என்று பார்த்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் விளக்கம்தான்.

*

ஊருக்கு வெளியே கார்மேல் மடம். உள்ளே போன கன்னியர் வெளியே வருவதில்லை. சுற்றுவட்டாரக் கோயில்களுக்கெல்லாம் ஓஸ்தி சுட்டுக் கொடுப்பது அவர்கள்தான். வருகிறவர்களோடு பேச ஒரு சின்ன அறை, நடுவில் கம்பி அடித்த ஜன்னல், அதற்குப் பின்னால் ஒரு திரை. பக்கத்துச் சுவரில் சுழலும் மரப்பெட்டி. இந்தப் பக்கம் காலி டப்பாவை வைத்துச் சுழற்றினால், அந்தப் பக்கம் எடுத்துக்கொண்டு நிறைத்து அனுப்புவார்கள்.

மடத்துத் தலைவி மதர் எமரென்சியாவுக்கு முப்பத்தெட்டு வயது. ஞானாதிக்கத்தைவிட இருபது வயது சின்னவர். ஓஸ்தி வாங்க வந்த இடத்தில் ஒருநாள் ஞானாதிக்கம் அவரிடம் ஒரு சந்தேகம் கேட்கப்போய், அன்றிலிருந்து சந்தேகம் கேட்பதற்காகவே ஓஸ்தி வாங்க வந்துகொண்டிருந்தார். ஊரில் யாருக்கும் இது தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை என்று நினைத்திருந்தார்.

திரை விலகியது.

ஞானாதிக்கம் ஆரம்பித்தார். தம் ஒன்பது விளக்கங்களையும் வரிசையாகச் சொன்னார். ஒன்பதாவது தமக்கே தோன்றியது என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னார். இப்படிப்பட்ட விளக்கத்தின் நடுவே கட்டிய மனைவியே எழுந்து போனால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்றார். நாலு மணி பஸ்ஸைச் சொன்னார். கம்பளியையும் சொன்னார். கிளம்புமுன் தெக்கிலா சொன்னதை ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தார். வேதவசனம் மனப்பாடம் செய்தவர், அதில் குறை சொல்ல முடியாது.

கடைசியில், "ஏழாம் முத்திரைக்குச் சரியான பொருள் எது, மதர்?" என்றார்.

"உட்காருங்க, உபதேசியாரே."

உட்கார்ந்தார்.

மதர் எமரென்சியாவும் உட்கார்ந்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டார். அதன்பின் ஒன்றும் சொல்லவில்லை.

யோசிக்கிறார் போல என்று நினைத்தார் ஞானாதிக்கம்.

ஐந்து நிமிஷம் போயிற்று. பத்து நிமிஷம் போயிற்று. உள்ளே எங்கோ ஓஸ்தி அச்சை மூடும் சத்தம், மாவு சுண்டும் சத்தம். ஒரு சிஸ்டர் இருமினார். வாசலுக்கு வெளியே அணில் ஒன்று கத்தித் தீர்த்தது.

ஞானாதிக்கத்துக்கு வாய் ஊறியது. பத்தாவது விளக்கம் ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. மதரின் முகத்தைப் பார்த்து அதை அடக்கினார்.

அடக்கியதும் வேறொன்று வந்தது. நேத்து நான் என்ன சொன்னேன்.

என்ன சொன்னாள்?

அடுப்படியிலிருந்து சொன்னாள். அது நினைவிருக்கிறது. ஈரக் கையோடு வந்து நின்றாள். வாய் அசைந்தது. அப்போது தாம் என்ன படித்துக்கொண்டிருந்தோம் என்பது பக்க எண்ணோடு நினைவுக்கு வந்தது. அவள் சொன்னது வரவில்லை. திரும்பத் திரும்பத் தேடினார். ஈரக் கைதான் வந்தது.

"அரை மணி ஆச்சு" என்றார் மதர்.

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் வரல, மதர்."

மதர் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

"அந்த அரை மணி நேரம் யார் யார் வாயை மூடினாங்க?"

இது ஞானாதிக்கத்துக்குத் தெரிந்த பாடம். "நாலு ஜீவன்களும். இரவும் பகலும் ஓயாம 'தூயவர், தூயவர்'னு பாடுறவங்க."

"ஓயாதவங்க ஓஞ்சாங்க."

"ஆமா."

"அதுக்கப்புறம் தூதர் ஒருத்தர் தூபக் கிண்ணத்தோட வர்றார். புகையோட சேர்ந்து மேலே போனது என்ன?"

"ஜெபம். கீழ இருக்கிற ஜனங்களோட ஜெபம்."

சொல்லும்போதே கடைசி பெஞ்சில் தூக்கிய கை ஒன்று ஞானாதிக்கத்தின் கண்முன் வந்தது.

மரப்பெட்டி சுழன்றது. நிறைந்த டப்பா இந்தப் பக்கம் வந்தது.

"உங்க வீட்டம்மாவுக்குப் பஸ் எத்தனை மணிக்குன்னு சொன்னீங்க?"

"நாலு."

"மணி ரெண்டரை" என்று சொல்லி மதர் திரையை இழுத்தார்.

*

சைக்கிளை அவ்வளவு வேகமாக அவர் மிதித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. கோயில் வாசலில் டப்பாவை, மணியடித்துக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் கொடுத்தார். வழக்கமாக அங்கே நின்று பேசும் கால் மணி நேரத்தைப் பேசவில்லை. கோயில்பிள்ளை அவருக்குக் காய்ச்சலோ என்று பார்த்தார்.

தெக்கிலா கூடத்தில், செருப்பு மாட்டி, பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாற்காலியில் இருந்தாள்.

ஞானாதிக்கம் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"நேத்து நீ என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியல."

"முருங்கைக்காய் வாங்கிட்டு வரச் சொன்னேன்."

அவர் தலையாட்டினார். அவளும் காத்திருந்தாள், இவர் இப்போது முருங்கைக்காய்க்கு ஒரு விளக்கம் சொல்வார் என்று. அவர் சொல்லவில்லை.

தெக்கிலா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்றாள். இல்லை என்று தலையசைத்தார்.

பையைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

"புதன்கிழமை நான் ஒண்ணும் கேள்வி கேட்க எழுந்திரிக்கல" என்றாள். "கண்ணாடிக் கடல்னு போன வாரம் சொன்னீங்கல்ல. அதை நான் பார்த்திருக்கேன். அதைச் சொல்லத்தான் எழுந்தேன்."

பதினைந்தாம் அதிகாரம், இரண்டாம் வசனம். ஞானாதிக்கம் நாக்கைக் கடித்துக்கொண்டார். நிஜமாகவே கடித்தார், வலித்தது.

தெக்கிலா சொல்ல ஆரம்பித்தாள்.

கல்யாணத்துக்கு முன்னால், ஒன்பதாம் வகுப்பு லீவில், உப்பளத்தில் வேலைக்குப் போனாளாம். உப்பளத்துக்கு அவள் போனதே அவருக்குத் தெரியாது. முதல் வாரத்திலேயே கால் வெடித்துவிட்டதாம். வெடித்த காலில் உப்புத்தண்ணீர் பட்டால் எப்படியிருக்கும் என்று சொன்னாள். கூடை சுமந்த அக்காமார் பேரெல்லாம் சொன்னாள். ஒருத்தி பாட்டு மாதிரியே வைவாளாம். கங்காணியை அவள் வைததைத் தெக்கிலா அதே ராகத்தில் பாடிக் காட்டினாள். ஞானாதிக்கம் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் காலை மடக்கிக்கொண்டாள்.

தெருமுனையில் நாலு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. தெக்கிலா உப்புப் பாத்தி கட்டுவது எப்படி என்று கையால் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் பதினோரு மணி வெயிலில் காற்று நின்றுவிட்டதாம். பாத்தித் தண்ணீரில் ஒரு சுருக்கம் இல்லை. பாதி உப்பு, பாதி தண்ணீர், ஒரே கண்ணாடி. அதற்குள்ளே வானம். வானத்துக்குள்ளே சூரியன், நெருப்பாக எரிகிறது. இறங்கி வேலை செய் என்று கங்காணி கத்துகிறான். கால் வைத்தால் உடைந்துவிடும் போல இருந்ததாம். உடைந்தால் எங்கே போய் விழுவோம் என்று பயமாம். பயம்கூட இல்லை, என்னவோ ஒன்றாம்.

"அப்ப அந்த அக்கா, வைவாங்கன்னு சொன்னேன்ல, அவங்க வந்து என் கையைப் பிடிச்சாங்க. பிடிச்சு..."

பேச்சு இழுத்தது. நாலு நாளாகத் தூங்காதவள். தலை நாற்காலி முதுகில் சாய்ந்தது, வாய் லேசாகத் திறந்தது, மூச்சு சீரானது.

ஞானாதிக்கம் அவள் கழற்றிய செருப்பை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு நகர்ந்து வந்து, எழுப்பவும் மனமில்லாமல், விடவும் மனமில்லாமல், மெல்லக் கேட்டார்.

"நீ இறங்கினியா இல்லையா? அதை மட்டும் சொல்லிட்டுத் தூங்கேன், தெக்கிலா."