தவிட்டுக்குருவிக்கு ஏன் தலைவன் இல்லை

அந்தக் காலத்தில், பேச்சு இன்னும் மனிதர்களுக்கு மட்டும் சொந்தமாகிவிடாத நாட்களில், எல்லா உயிர்களுக்கும் ஒரு தலைவன் இருந்தான். யானைகளுக்கு இருந்தான், மயில்களுக்கு இருந்தான், மண் நிறத்தில் பிறந்து சருகு கிளறிப் பிழைக்கும் தவிட்டுக்குருவிகளுக்கும் இருந்தான். ஓர் ஓடைக்கரையில் வாழ்ந்த தவிட்டுக்குருவிக் கூட்டத்தின் தலைவன் பெயர் கூரன். அவனுக்குச் சருகி என்று ஒரு தங்கை.

கூரன் தலைவனானதில் கள்ளத்தனம் எதுவும் இல்லை. ஒரு கோடையில் எங்கிருந்தோ வந்த வல்லூறு ஒன்று அந்தக் கரைப்பக்கம் வட்டமிடத் தொடங்கியது. குருவிகள் தலையைக் குனிந்து சருகு கிளறும் நேரம் பார்த்து இறங்கும். குஞ்சுகள் போயின, பெரியவர்களும் போனார்கள். கூரன், சருகி இருவரின் அம்மாவும் அப்படித்தான் போனாள். மறுநாள் கூரன் இரை தேடப் போகவில்லை. கரையிலிருந்த வேப்பமரத்தின் உச்சிக்கிளையில் போய் உட்கார்ந்து, வெறும் வயிற்றோடு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வல்லூறு வருவதை முதலில் கண்டு குரல் கொடுத்தான். எல்லோரும் முள்ளடர்ந்த சூரைப்புதருக்குள் பாய்ந்து தப்பினார்கள்.

"மேலே காவல் இருப்பவன் எப்போது இரை தேடுவான்? ஆளுக்கு ஒரு வாய் கொண்டுபோய்க் கொடுப்போம்" என்றார் சுள்ளி மாமா. அவர் சருகியின் அம்மாவுக்குத் தம்பி. எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. பட்டைக்கடியில் கிடைத்த கொழுத்த வெள்ளைப் புழு ஒன்றை அண்ணனுக்கு முதலில் கொண்டுபோனவள் சருகிதான். அன்று அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

கோடை முடிந்தது. மழை பெய்து ஓடையில் தண்ணீர் ஓடியது. வல்லூறு வேறு பக்கம் போய்விட்டது. கூரன் மட்டும் இறங்கவில்லை.

"திரும்பி வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று மேலிருந்தபடியே கேட்டான். இரை போய்க்கொண்டே இருந்தது.

பிறகு ஒருநாள் தும்பை என்ற இளம் குருவி, கொக்கின் நிழலை வல்லூறு என்று நினைத்துக் கத்திவிட்டாள். கூட்டம் சிதறி ஓடியதில் ஒரு குஞ்சுக்குக் கால் ஒடிந்தது. "ஆளாளுக்குப் பார்த்து ஆளாளுக்குக் கத்தினால் இப்படித்தான் ஆகும். இனி நான் மட்டும் பார்க்கிறேன். நீங்கள் தரையைப் பாருங்கள்" என்றான் கூரன். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. தலையைத் தூக்குகிறவர்களைக் கண்டிக்க முண்டன் என்ற தடித்த குருவியையும் இன்னும் சிலரையும் வைத்துக்கொண்டான். அவர்களுக்கும் இரை கொண்டுவர வேண்டியதாயிற்று. கூரனை 'நீ' என்று கூப்பிடுவதை ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். இதை யாரும் சொல்லவில்லை, தானாகவே நாக்கு மாறிக்கொண்டது.

அடுத்த கோடை கடுமையாக இருந்தது. புழு பூச்சி மண்ணுக்கடியில் போய்விட்டது. தும்பை ஒரு நாள் முழுக்கக் கிளறி ஒரே ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்தாள். அதை நேராகத் தன் குஞ்சின் வாயில் வைத்தாள். முண்டன் பார்த்துவிட்டான். அவள் தலையில் கொத்திய கொத்தில் ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. சுற்றி நின்றவர்கள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சருகி விறுவிறுவென்று உச்சிக்கிளைக்கு ஏறிப்போனாள்.

"அண்ணா, தும்பையை அடிக்கச் சொன்னது நீயா?"

"நான் சொல்லவில்லை. ஆனால் முதல் இரை காவலுக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருத்தியை விட்டால் நாளைக்கு எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்."

"செய்தால் என்ன? நீ இறங்கி வந்து கிளறு. உன் கால் நன்றாகத்தானே இருக்கிறது?"

"நான் இறங்கினால் உங்களை யார் காப்பது? இந்த இடத்தில் என்னை உட்காரவைத்தது நீங்கள்தானே சருகி? நானாகவா கேட்டேன்?"

"காப்பாற்றத்தான் சொன்னோம், ஆளச் சொல்லவில்லை. அதையும் அந்தக் கோடைக்கு மட்டும்தான் சொன்னோம். அதற்குப் பிறகு பிறந்த குஞ்சுகள் உன்னிடம் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் வாயிலிருந்து ஏன் பிடுங்குகிறாய்?"

கூரன் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான். அந்த நேரத்தில் அவன் பழைய அண்ணனைப் போலவே இருந்தான். பிறகு கீழே எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது அவன் கண்ணில் பட்டது.

"உனக்கு இங்கே இருக்க விருப்பமில்லை என்றால் போகலாம்" என்றான் உரக்க. "இனிமேல் படுக்கைக்கிளையில் இவளுக்கு இடமில்லை."

தவிட்டுக்குருவிகள் ஒரே கிளையில் ஒருவர் தோளோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு தூங்குகிறவை. அந்தக் கதகதப்பில்லாமல் தூங்குவது அவற்றுக்குச் சாவுக்கு அடுத்தபடி. சருகி ஒரு வார்த்தையும் கெஞ்சவில்லை. ஓடையைத் தாண்டி எதிர்க்கரையிலிருந்த இலந்தைப் புதருக்குப் போனாள்.

முதலில் பயந்து நடுங்கினாள். ஒரு சருகைப் புரட்டினால் உடனே தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. புரட்டுவாள், பார்ப்பாள், மறுபடி புரட்டுவாள். போகப் போக அது பழகிவிட்டது. கொக்கின் நிழல் எது, பருந்தின் நிழல் எது என்று கண் தானாகவே பிரித்துச் சொன்னது. தனக்கும் அண்ணனுக்கும் ஒரே கண்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. அவன் தினமும் பார்த்ததால் அவனுக்குப் பார்க்கத் தெரிந்தது. மற்றவர்கள் பார்ப்பதை விட்டுவிட்டதால் அவன் தேவைப்பட்டான். இது தெரிந்த பிறகு அவளுக்குத் திரும்பிப் போய்க் காலில் விழும் எண்ணம் அடியோடு போய்விட்டது.

சுள்ளி மாமா ஒருநாள் யாருக்கும் தெரியாமல் அவளைப் பார்க்க வந்தார். "மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்துவிடேன் அம்மா. அவன் உன் அண்ணன்தானே" என்றார்.

"மாமா, ஒரு தடவை தலையைத் தூக்கி மேலே பாருங்கள்."

"ஐயோ, அதெல்லாம் எதற்கு?"

"இங்கே முண்டன் இல்லை. பாருங்கள்."

மாமா தயங்கித் தயங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "வானம் இவ்வளவு பெரிதாக இருந்ததை மறந்தே போய்விட்டேன்" என்றார். பிறகு அடிக்கடி வந்தார். தும்பையும் வந்தாள். வந்தவர்களெல்லாம் அந்தப் புதரடியில் ஒருவர் கிளறும்போது ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாலையில் பயந்துபோய் வேம்புக்கே திரும்பினார்கள்.

அந்தக் கோடையின் கடைசியில் வல்லூறு திரும்பி வந்தது.

காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கூரன் உச்சியில் உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்து உட்கார்ந்து உடம்பு பெருத்துவிட்டது, இரை உண்ட மயக்கம் வேறு. வல்லூறு சூரியனுக்கு முதுகைக் காட்டியபடி வந்தது. எதிர்க்கரையிலிருந்து சருகிதான் அதைக் கண்டாள். தொண்டை கிழியக் கத்தினாள்.

கீழே இருந்தவர்கள் திடுக்கிட்டார்கள். "அது காவலின் குரல் இல்லை, யாரும் தலையைத் தூக்காதீர்கள்" என்றான் முண்டன். அந்த ஒரு நொடி போதுமாக இருந்தது. வல்லூறு கூட்டத்துக்கு இறங்கவில்லை. உச்சிக்கிளையில் தனியாக, கொழுத்து, யாரும் பக்கத்தில் இல்லாமல் உட்கார்ந்திருந்தவனையே அடித்துக்கொண்டு போனது.

காக்கிறவனைக் காக்க அங்கே ஆளில்லை.

சருகி யோசிக்கவில்லை. ஓடைக்கு மேலே பறந்துபோய் வல்லூறின் முதுகில் மோதினாள். தவிட்டுக்குருவிக்கு உயரப் பறக்க வராது. ஆனாலும் அவள் பறந்தாள். அலகில் ஒரு கொத்து இறகு வந்தது. "வாருங்கள்" என்று கத்தினாள். "எல்லோரும் வாருங்கள்."

முதலில் சுள்ளி மாமா வந்தார். அவருக்குப் பின்னால், தலையில் காயம் ஆறாத தும்பை வந்தாள். கூட்டம் மொத்தமும் வந்து, கத்திக்கொண்டும் கொத்திக்கொண்டும் வல்லூறை மொய்த்தது. கடைசியில் முண்டனும் வந்தான். இத்தனை அலகுகளை ஒரே நேரத்தில் வல்லூறு அதற்குமுன் பார்த்ததில்லை. கூரனை நழுவவிட்டுவிட்டு மேற்கே பறந்துபோனது.

கூரன் ஓடை மணலில் விழுந்து கிடந்தான். ஒரு சிறகு முறிந்து தொங்கியது. தும்பை ஒரு கறையானைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து அவன் வாயில் வைத்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கமுடியாமல் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான்.

பிறகு எல்லோரும் சருகியைச் சூழ்ந்துகொண்டார்கள். "இனிமேல் நீங்கள்தான் மேலே இருக்க வேண்டும்" என்றான் முண்டன். 'நீங்கள்' என்றான். "உங்களுக்கு நான் காவலாக இருக்கிறேன்."

"நீ நல்லவள், நீ இருந்தால் இப்படியெல்லாம் நடக்காது" என்று மாமாவும் சொன்னார்.

சருகி மேலே போனாள். வல்லூறு திரும்புகிறதா என்று யாராவது பார்க்கத்தானே வேண்டும். உச்சிக்கிளையில் காற்று இதமாக வீசியது. கீழே அத்தனை முகங்களும் அவளை நோக்கி நிமிர்ந்திருந்தன. யாரோ ஒரு குஞ்சு தத்தித் தத்தி ஏறிவந்து அவளிடம் ஒரு வெள்ளைப் புழுவை நீட்டியது. அவளுக்குப் பசி. வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது. இதில் என்ன தவறு என்றும் தோன்றியது. இன்னும் கொஞ்ச நேரம் இங்கேயே இருந்தால் என்ன என்றும் தோன்றியது. அண்ணன் கெட்டவனாக ஏறவில்லை, தன்னைப்போலத்தான் ஏறினான் என்பது அவளுக்கு அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

"நீயே தின்னு கண்ணு" என்று குஞ்சிடம் சொன்னாள். சுற்றிலும் ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். பிறகு கிளையை விட்டுக் கீழே இறங்கி எல்லோருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"மேலே யாரும் இல்லையே" என்று தும்பை பதறினாள்.

"ஆமாம். யாராவது போங்கள். எனக்குப் பசிக்கிறது, நான் கிளறப் போகிறேன்."

"நீ ஏன் இறங்கினாய்?"

"நான் இறங்காமலே இருந்துவிடுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது. என்னை நம்பாதீர்கள். யாரையும் நம்பி அந்தக் கிளையை விட்டுவைக்காதீர்கள். பார்த்துவிட்டு இறங்க வேண்டும், அடுத்தவர் ஏற வேண்டும், அவ்வளவுதான்."

இரைச்சல் எழுந்தது. யார் ஏறுவது, எவ்வளவு நேரம், குஞ்சு வைத்திருப்பவள் ஏற வேண்டுமா, என் முறை இப்போதா, உன் முறை நேற்றே போய்விட்டதா என்று எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கடைசியில் சுள்ளி மாமா முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். அவர் இறங்கியதும் தும்பை ஏறினாள்.

முண்டன் மட்டும் ஏற மறுத்தான். அவனை அடித்து விரட்டலாம் என்றார்கள் சிலர். "அடிக்க ஆள் வைத்தால் அந்த ஆளுக்கு இரை கொடுக்க வேண்டும்" என்றாள் சருகி. அதனால் அடிக்கவில்லை. அவன் போகிற இடமெல்லாம் சுற்றி உட்கார்ந்துகொண்டு, சோம்பேறி, தின்னிப் பண்டாரம் என்று வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். விடிந்ததிலிருந்து திட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் அவன் காதைப் பொத்திக்கொண்டு உச்சிக்கு ஏறிவிட்டான். ஆனால் இருட்டியதும் தூங்க அவனுக்கும் கிளையில் இடம் விட்டார்கள்.

அந்த வழியாகப் போன கரிச்சான் குருவி ஒன்று இந்தச் சத்தத்தைக் கேட்டு வந்து, "உங்களில் யார் தலைவர்? நான் அவரிடம் பேச வேண்டும்" என்றது.

"எல்லோருக்கும் காது இருக்கிறது, என்னிடமே சொல்" என்றாள் தும்பை.

"தலைவன் இல்லாத கூட்டம் மழைவரை தாங்காது" என்று சொல்லிவிட்டுக் கரிச்சான் போய்விட்டது. மழை வந்தது. கூட்டம் இருந்தது.

மழை நின்ற ஒரு காலையில், வழக்கம்போல அடுத்து யார் என்ற சண்டை நடந்துகொண்டிருந்தபோது, "என் முறை எப்போது வரும்?" என்று ஒரு குரல் கேட்டது. கூரன் கேட்டான். சத்தம் சட்டென்று அடங்கியது. முண்டன் சருகியைப் பார்த்தான். சருகி மற்றவர்களைப் பார்த்தாள். அது அவள் ஒருத்தி மட்டும் முடிவு செய்கிற காரியம் இல்லை.

"சிறகு இப்படி இருக்கிறதே, எப்படி ஏறுவாய்?" என்றாள் தும்பை.

"தத்தித் தத்திப் போகிறேன்."

கிளை கிளையாகத் தத்தி, இரண்டு இடத்தில் வழுக்கி, கூரன் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தான். கீழே யாரும் கிளறவில்லை. அவன் கிழக்கே பார்த்தான், மேற்கே பார்த்தான், தலைக்கு மேலே பார்த்தான். நேரம் போய்க்கொண்டிருந்தது.

"வானம் வெறிச்சோடிக் கிடக்கிறது" என்றான் கூரன். "நான் இறங்குகிறேன். யாராவது வாருங்கள்."

அன்று முதல்தான் தவிட்டுக்குருவிகள் தலைவன் என்று யாரையும் வைத்துக்கொள்ளாமல் கூட்டமாகத் திரிகின்றன. மற்றவை சருகு கிளற ஒன்று மேலே இருக்கும், சற்று நேரத்தில் அது இறங்க வேறொன்று ஏறும். நாளெல்லாம் அவை போடும் கூச்சலைச் சண்டை என்று நினைத்து நாம் கடந்துபோகிறோம். அடுத்து யார் ஏறுவது என்று அவை பேசிக்கொண்டிருக்கின்றன.