ஊஞ்சல் வெள்ளோட்டம்

மருதங்கோட்டையை ஆண்ட குமாரசிங்க ராஜாவுக்கு ஒரே மகள். அவள் கல்யாணத்துக்காக ஒரு மாளிகை வாங்க நினைத்தார். கடல் வணிகர் ஒருவர் தன் மாளிகையை விற்க முன்வந்தார். வாங்கும் முன் மரமெல்லாம் நன்றாக இருக்கிறதா என்று பார்த்து வரும்படி, கட்டடக் கண்காணி ஆபத்சகாயத்தை ராஜா அனுப்பினார்.

அந்த மகானுபாவர் எப்படிப் பார்த்தார் தெரியுமா? கூடத்தில் இலை போட்டிருந்தார்கள். பாயசம் வரைக்கும் பார்த்தார். தாம்பூலத்தோடு வந்த பட்டுச் சால்வையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அண்ணாந்து மட்டும் பார்க்கவில்லை. இப்படிப்பட்ட ஆளைத் தேடிப் பிடித்துத்தானே பதவி கொடுக்கிறார்கள்!

"மகாராஜா, அத்தனையும் வைரம் பாய்ந்த தேக்கு. நூறு வருஷத்துக்கு அசையாது" என்று சபையில் வந்து சொன்னார்.

ராஜாவுக்கு யோசனை சொல்லும் பூவராகன் எழுந்தான். "நானும் போய்ப் பார்த்தேன், மகாராஜா. நடு விட்டத்துக்கு நேர் கீழே மாவு மாதிரித் தூள் கொட்டிக் கிடக்கிறது. விட்டம் உளுத்துவிட்டது. மேலே மெழுகு பூசி மறைத்திருக்கிறார்கள்."

"அது கோலமாவு!" என்று சீறினார் ஆபத்சகாயம். "மரத்தைப் பற்றி இவனுக்கு என்ன தெரியும்? நாக்கைத் தவிர வேறெதையும் அசைத்தறியாதவன்!"

ராஜா முகம் சிவந்தார். "பூவராகா, இது என் மகள் விஷயம். நீ சொன்னது பொய்யானால் நாட்டை விட்டே போக வேண்டும்."

"ஆகட்டும். மாளிகைக்கே போவோம், மகாராஜா."

போனார்கள். பூவராகன் நடு விட்டத்தில் சங்கிலி மாட்டி ஊஞ்சல் பலகையைத் தொங்கவிடச் சொன்னான்.

"கல்யாண ஊஞ்சல் இதில்தானே ஆடப்போகிறது? பெண் உட்காரும் முன் வெள்ளோட்டம் பார்க்க வேண்டாமா? கண்காணி ஐயாவே உட்காரட்டும்."

ஆபத்சகாயம் அப்போதுதான் அண்ணாந்தார். மூக்கில் பொலபொலவென்று தூள் விழுந்தது.

"எனக்கு... ஊஞ்சல் என்றாலே தலைசுற்றும்."

"உங்கள் சம்சாரம்?"

"அவளுக்கு முட்டிவலி."

"உங்கள் அண்ணன்?"

"ஐயோ, அவர் பிள்ளைகுட்டிக்காரர்!"

பூவராகன் தாடையைத் தடவினான். "சரி, உங்கள் மாமியார்?"

ஆபத்சகாயத்தின் முகம் மலர்ந்தது. "தாராளமாக! இப்போதே பல்லக்கு அனுப்புகிறேன்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காவலன் ஒருவன் ஈட்டியால் விட்டத்தைக் குத்திப் பார்த்தான். பழைய சோற்றில் விரல் இறங்குவது போல ஈட்டி இறங்கியது.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிப் பூவராகன் கழுத்தில் போட்டார். ஆபத்சகாயத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"இந்த ஆளுக்கு ஐம்பது கசையடி!"

"கசையடி எதற்கு, மகாராஜா?" என்றான் பூவராகன். "இங்கே நடந்ததை அவர் மாமியாரிடம் போய்ச் சொல்ல ஓர் ஆளை அனுப்புங்கள். அது போதும்."

ஆபத்சகாயம் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"மகாராஜா! நூறு கசையடியாகவே கொடுத்துவிடுங்கள்!"