அழுங்கும் மீதித் தானியமும்

குன்றடிக் காட்டில் உடம்பெல்லாம் செதில் மூடிய ஓர் அழுங்கு தனியாக வாழ்ந்து வந்தது. புற்றைத் தோண்டி எடுக்கும் எறும்பும் கறையானும்தான் அதற்குச் சாப்பாடு. யாராவது அருகில் வந்தால் பயந்துபோய் உடம்பைச் சுருட்டிப் பந்தாகிவிடும். பந்தோடு யார் பேசுவார்கள்? அதனால் அதற்கு நண்பர்களே இல்லை.

அந்தக் காட்டுக்கு ஒரே ஒரு குளம். கோடையில் அது வற்றிவிடும். ஒவ்வொரு கோடையிலும் சில குட்டிகள் தாகத்தில் இறந்துபோகும். இதற்கு ஒரு வழி காண வேண்டும் என்று கடமான் எல்லாரையும் கூட்டியது.

"ஆளுக்குக் கொஞ்சம் தானியம் போடுவோம். தண்ணிக்குப் புதுசா ஒரு வழி பண்றேன்னு வர்றவங்களுக்கு அதைக் கொடுப்போம். வேலை முடியிற வரைக்கும் அவங்க வயித்துப்பாட்டுக்கு ஆகும். தோத்துட்டா திருப்பித் தர வேண்டாம். ஜெயிச்சா அந்தத் தண்ணி நம்ம எல்லாருக்கும்," என்றது கடமான்.

"தானியத்தை யார் பாத்துக்கிறது?" என்று கேட்டது அணில்.

"உன்கிட்ட மட்டும் கொடுக்க முடியாது," என்றது காடை.

கடைசியில் எல்லாம் அழுங்கைத் திரும்பிப் பார்த்தன. அது தானியம் தின்னாது. அதற்கு உறவும் கிடையாது, ஆகவே ஓரவஞ்சனையும் இருக்காது. பாவம், அவை அப்படித்தான் நினைத்தன.

கடமான் அழுங்குக்கு விதியைச் சொன்னது. "முதல்ல பாதியைப் பல பேருக்குப் பிரிச்சுக் கொடு. யாரு ஜெயிப்பாங்கன்னு இப்பவே சொல்ல முடியாது. நிறையப் பேர் தோத்துடுவாங்க, அதுக்கு வருத்தப்படாதே. மீதிப் பாதியைப் பத்திரமா வச்சிரு. எவன் வேலை நிஜமாவே வளருதோ, அதை அவனுக்குக் கொடு."

"அகல உழுதுட்டு, அப்புறம் ஆழ உழணும். அவ்வளவுதானே?" என்றது அழுங்கு.

எல்லாம் சிரித்தன. தன் பேச்சைக் கேட்டு நாலு பேர் சிரித்தது அழுங்குக்கு அதுதான் முதல் முறை. அந்தச் சந்தோஷத்திலேயே அது பொறுப்பை ஏற்றுக்கொண்டது.

தானியம் கேட்டுப் பலர் வந்தார்கள். குளத்தைத் தூர் வாருகிறேன் என்றது ஆமை. தண்ணீருக்குப் பதிலாகச் சாறுள்ள கிழங்குகளைச் சேர்த்து வைக்கிறேன் என்றது முயல். பாறைக் குழிகளில் மழைநீரைத் தேக்கி இலை போட்டு மூடி வைக்கிறேன் என்றது மைனா. பெருச்சாளி மட்டும் அதிகம் பேசவில்லை.

"குன்றுக்குள்ள ஊத்து இருக்கு. தோண்டணும்," என்றது.

அழுங்கு எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்தது. மீதியைத் தன் வளைக்குள் பூட்டாத குறையாகக் காத்தது.

பொறுப்பு வந்தால் கூட்டமும் வரும் என்று அழுங்கு நினைத்திருந்தது. கூட்டம் வந்தது, வாங்கிக்கொண்டு போய்விட்டது. தானியம் கிடைக்காதவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கிழங்கெல்லாம் அழுகிப்போன முயல் வெட்கப்பட்டு வேறு வழியாகப் போனது. சேற்றிலேயே தூங்கிப்போன ஆமையும் அப்படித்தான். பெருச்சாளி மண்ணுக்குள் போனதோடு சரி, இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. இத்தனை பேருக்குக் கொடுத்தும் பேச ஓர் ஆள் இல்லையே என்று அழுங்கு வருந்தியது.

மைனா மட்டும் அந்தி சாயும்போது தவறாமல் வந்தது.

"என்னண்ணே, சாப்பிட்டாச்சா?" என்று கேட்கும்.

அழுங்கை யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. மைனா காட்டுச் செய்தியெல்லாம் சொல்லும். கடைசியில், "பாறையில இன்னைக்கும் ஒரு விரிசல் அண்ணே. நாளைக்கு அடைச்சிடலாம்," என்று சொல்லிவிட்டுப் பறக்கும். அதன் சிறகுச் சத்தத்துக்காக அழுங்கு மத்தியானத்திலிருந்தே காத்திருக்கத் தொடங்கியது. விரிசலைப் பற்றி ஒரு நாளும் துருவிக் கேட்கவில்லை. கேட்டால் கோபித்துக்கொண்டு வராமல் போய்விட்டால்?

ஒரு நாள் பெருச்சாளி வந்தது. உடம்பெல்லாம் ஈர மண்.

"ஈரம் தட்டிடுச்சு. ஊத்து பக்கத்துலதான் இருக்கு. ஆனா மண்ணு தள்ளுற கூட்டாளிங்க பட்டினி கிடக்கிறாங்க. மீதித் தானியம் வேணும்."

"யோசிச்சுச் சொல்றேன்," என்றது அழுங்கு.

"நாளைக்குச் சொல்லிடு. அதுக்கு மேல அவங்களை நிறுத்தி வைக்க முடியாது."

அன்று அந்தியில் மைனா சிறகு தொங்க வந்தது. "தேக்கின தண்ணியெல்லாம் போச்சு அண்ணே. மீதித் தானியம் கொடுத்தா என் கூட்டத்தை வச்சு எல்லா விரிசலையும் அடைச்சிடுவேன். இல்லைன்னா இரை தேடி எங்கயாவது பறந்துபோக வேண்டியதுதான். இனிமே உங்களை எப்பப் பாக்கிறதோ."

அழுங்குக்கு எல்லாம் தெரியும். விரிசல் விட்ட பாறையில் தண்ணீர் நிற்காது. பெருச்சாளியின் ஈரத்தையோ கண்ணால் பார்த்தாகிவிட்டது. ஆனால் மைனாவும் போய்விட்டால் சாப்பிட்டாயா என்று கேட்க யார் இருக்கிறார்கள்? அந்த வெறுமையை அதனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மீதி முழுவதையும் மைனாவுக்கே கொடுத்தது.

மறுநாள் பெருச்சாளி வந்து வெறும் வளையைப் பார்த்தது. சண்டை போடவில்லை. "சரி," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனது. குன்றின் மறுபக்கக் காட்டில் காட்டுப்பன்றிகள் இருந்தன. அவை பெருச்சாளிக்கும் கூட்டாளிகளுக்கும் தாராளமாகத் தானியம் கொடுத்து அந்தப் பக்கமிருந்து தோண்டச் சொன்னன.

தானியம் இருந்தவரை மைனா வந்தது. பாறைக் குழிகள் நிறையவில்லை. தானியம் தீர்ந்ததும் அது மெல்ல மெல்ல வராமல் நின்றுவிட்டது. சில அந்திப் பொழுதுகளில் அழுங்கு வளை வாசலில் உட்கார்ந்து, "சாப்பிட்டாச்சு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

கோடை வந்தது. குளம் பாளம் பாளமாக வெடித்தது. குன்றுக்கு அப்பால் ஊற்று பீறிட்டது என்ற செய்தி கேட்டு எல்லாம் கிளம்பின. வழியில் கடமானின் குட்டி விழுந்தது. பிறகு எழுந்திருக்கவில்லை. கடமான் அழுங்கைத் திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அழுங்குக்குத் தோன்றியது.

ஊற்றங்கரையில் காட்டுப்பன்றிகள் வழிமறித்து நின்றன. "எங்க ஆளுங்க குடிச்ச பிறகுதான் உங்களுக்கு," என்றன. குன்றடிக் காடே கை கட்டி நின்றது.

அழுங்கு பெருச்சாளியைத் தேடிப் போனது.

"தப்புப் பண்ணிட்டேன். மைனா தினமும் வந்து பேசுச்சு. எனக்கு வேற யாருமில்ல," என்றது.

"குழி நுனியில எனக்கு மட்டும் யாரு இருந்தா?" என்றது பெருச்சாளி. "கூட்டாளிங்கல்லாம் பின்னாடி மண்ணு தள்ளிக்கிட்டு இருப்பாங்க. இருட்டுல நான் ஒருத்தன்தான். நீ ஒரு நாள் வந்து எட்டிப் பாத்திருந்தா, ரெண்டு பேரும் பேசிக்கிட்டே தோண்டியிருக்கலாம். தோண்டுறதுல உன்னை மிஞ்ச ஆள் ஏது?"

அழுங்கு வரிசையின் கடைசியில், கடமானுக்குப் பின்னால் போய் நின்றது. கடமான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஊர்ப் பொருளைப் பிரித்துக் கொடுப்பவர் வேலை நடக்கும் இடத்துக்குத் தானே போய்ப் பார்க்க வேண்டும். தன் தனிமைக்கு மருந்தாக அதைச் செலவழித்தால் ஊரும் தவிக்கும், தனிமையும் தீராது.