அறுத்தெடுத்த டேக்

இந்தக் கதையில் வரும் குருவுக்குத் தாடியும் கிடையாது, ஆசிரமமும் கிடையாது. கீழக்கரைப் பக்கம் கடலோரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் ஆராய்ச்சிக்கூடம் உண்டு, அவ்வளவுதான். கொரெட்டி மேடம் என்றால் அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். பவளப்பாறை எப்படிப் பிழைக்கிறது, எப்படிச் சாகிறது, தலைமுறைக்குத் தலைமுறை எப்படி மாறுகிறது என்று பார்ப்பதுதான் அவருக்குப் பொழுதன்னைக்கும் வேலை.

சீடர் குருவைவிட வயதில் மூத்தவர். பெயர் திருமேனி. அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் வாத்தியாராக இருந்து, நாற்பது தாண்டியபின் லீவு போட்டுவிட்டு டாக்டர் பட்டத்துக்கு வந்து சேர்ந்தார். இவர் அவரை மேடம் என்பார், அவர் இவரை சார் என்பார். யாரிடம் யார் படிக்கிறார்கள் என்று புதிதாய் வருகிறவர்கள் குழம்பிப் போவார்கள்.

திருமேனி எடுத்துக்கொண்ட கேள்வி லேசானதுதான். கடல் வருஷா வருஷம் சூடேறுகிறது. எந்தப் பவளத்தின் பிள்ளைகள் அந்தச் சூட்டைத் தாங்கும்? இதைத் தெரிந்துகொள்ள ஆறு இடங்களில் ஆறு தாய்ப்பவளங்களைத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொன்றிலும் விரல் நீளத்துக்குத் துண்டுகள் ஒடித்து, சிமெண்டுப் பலகைகளில் கட்டி, ஒரு தீவின் ஓரமாக ஆழமில்லாத தண்ணீரில் இறக்கி வைத்தார். ஒடித்துக் கட்டின துண்டு பிழைத்துக்கொள்ளும், கிளை விடும். இடத்தால் ஒன்றுக்கு வசதி, இன்னொன்றுக்குக் கஷ்டம் என்று வந்துவிடக் கூடாதே என்று எல்லாவற்றையும் வேண்டுமென்றே கலந்து வைத்தார். எது எந்தத் தாயின் பிள்ளை என்று சொல்ல ஒவ்வொன்றிலும் ஒரு பிளாஸ்டிக் டேக்கை நைலான் நரம்பால் கட்டி, அதில் தாய்க்கு வைத்த எழுத்தைப் பொறித்திருந்தார். டேக் போனால் அந்தத் துண்டுக்கு அம்மா பேர் போச்சு.

அப்புறம் என்ன, வாரா வாரம் போய்ப் பலகையில் படிகிற பாசியைத் தேய்க்கிற வேலை. பழைய பல் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு முங்கி, மூச்சு முட்டும்வரை தேய்த்துவிட்டு மேலே வருவார். வள்ளம் ஓட்டுகிற கபீர் அண்ணன் அதில் உட்கார்ந்தபடியே, "வீட்ல பிள்ளைகளுக்கு ஒருநாளாவது பல்லு தேய்ச்சு விட்டிருப்பீகளா சார்?" என்று கேட்பார். விட்டதில்லை. அதனால் திருமேனி சிரித்து மழுப்பிவிடுவார்.

மேடம் முதல் நாளே ஒரு பாடம் சொல்லியிருந்தார். பவளம் வெளுத்தால் செத்துப்போனதாக அர்த்தம் இல்லை. சூடு தாங்காமல், தன்னோடு ஒட்டி வாழ்ந்து நிறமும் சோறும் தருகிற நுண்ணுயிரை வெளியே தள்ளிவிட்டுப் பட்டினி கிடக்கிறது. தண்ணீர் குளிர்ந்தால் திரும்பினாலும் திரும்பும். மேலே பாசி ஏறிவிட்டதா, அப்போதுதான் சாவு. அப்போதுதான் டேக்கை அறுத்துக் கணக்கில் கழிக்க வேண்டும். இந்தப் பாடத்தைத் திருமேனியே பின்னால் கூடத்துக்கு வந்த எத்தனையோ மாணவர்களுக்கு ஒப்பித்திருக்கிறார்.

மூன்றாம் வருஷம் சித்திரையில் காற்றே இல்லை. கடல் கஞ்சித் தண்ணி மாதிரி வெதுவெதுப்பாய்க் கிடந்தது. தாய்ப்பவளங்கள் ஒவ்வொன்றாக வெளுத்து, பாசி ஏறி, ஆறும் போய்ச் சேர்ந்தன. மேடத்துக்குக் காதில் சீழ் வைத்து, தண்ணீரில் இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பலகையில் இருந்த பிள்ளைகளைப் பார்க்கத் திருமேனி தனியாகத்தான் போனார்.

முகக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தால் கீழே எல்லாமே வெள்ளை. சாமி, அப்படி ஒரு வெள்ளை. சிலதில் பாசி ஏறியிருந்தது. சிலதில் ஏறவில்லை. ஏறாததைத் தனியாக விட்டுவிட்டு, இன்னும் கொஞ்ச நாள் கழித்து வந்து பார்க்க வேண்டும். அதுதான் முறை. ஆனால் திருமேனிக்கு அன்று அலுத்துப்போயிருந்தது. உடம்பு அலுப்பு என்றால் தூங்கி எழுந்தால் சரியாகும். இது அந்த ரகம் இல்லை. திரும்ப வந்து, திரும்பக் குனிந்து, ஒவ்வொன்றும் சாவதைத் தவணை முறையில் பார்க்க அவருக்குத் தெம்பு இல்லை. கத்தரிக்கோலை எடுத்தார். வெள்ளை, பாசி என்று பார்க்காமல் எல்லா டேக்கையும் அறுத்துப் பையில் போட்டுக்கொண்டு மேலே வந்துவிட்டார். கபீர் அண்ணன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்குக் கேலி எதுவும் செய்யவில்லை.

கரையில் பையை மேடத்தின் மேசைமேல் வைத்தார். எல்லாம் போச்சு என்றார்.

மேடம் காதில் பஞ்சோடு நிமிர்ந்தார். "எல்லாத்துலயும் பாசி ஏறியிருந்துச்சா சார்?"

"ஏறியிருந்துச்சு மேடம்."

இருபது வருஷம் பரீட்சை அறையில் மாணவர்களின் பொய்யைப் பிடித்த மனுஷன். தன் வாயிலிருந்து வந்தது எவ்வளவு சுத்தமான பொய் என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. மேடம் பைக்குள் கைவிட்டு டேக்குகளைப் புரட்டிப் பார்த்தார். பையை எடுத்து நல்ல தண்ணீரில் அலசி, ஜன்னலோரம் காயப் போட்டார்.

அதற்குப் பிறகு திருமேனி ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்தார், போனார். ஒன்றும் ஓடவில்லை. ஒருநாள் டீ குடிக்கும்போது மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டார். வருஷத்துக்கு ஒரு தடவை கடல் இப்படிக் கொதிக்கும். நாம் பல் பிரஷ் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்போம். அது செத்துக்கொண்டே இருக்கும். இதில் எதைக் கண்டுபிடித்து யாருக்கு என்ன ஆகப்போகிறது? தான் கல்லூரிக்கே திரும்பிப் போவதாகச் சொன்னார். தவளையை அறுத்துக் காட்டினோமா, வீட்டுக்குப் போனோமா என்று நிம்மதியாக இருக்கலாம்.

"உங்களுக்கு அலுப்பே வராதா மேடம்?" என்று கேட்டார்.

மேடம் டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார். வரும் என்றார். தினம் காலையில் எழும்போதே வரும் என்றார். அதற்கு என்ன செய்வீர்கள் என்று இவர் கேட்க, டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்தார். இப்போது தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிறது, வள்ளம் போகாது, காற்று நிற்கட்டும், பலகைகளையாவது பார்த்துவிட்டு அப்புறம் ஊருக்குப் போங்கள் என்று மட்டும் சொன்னார்.

கச்சான் நிற்கப் புரட்டாசி ஆகிவிட்டது. மேடத்துக்குக் காதும் தேறியிருந்தது. இரண்டு பேரும் கபீர் அண்ணன் வள்ளத்தில் போனார்கள். திருமேனி பெட்டி படுக்கையைக் கட்டி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

காற்றுக்காலத்து அலை பலகைகளைப் புரட்டி இங்கொன்றும் அங்கொன்றுமாக இழுத்துப் போட்டிருந்தது. எல்லாம் பாசி மூடிக் கருத்துக் கிடந்தன. பார்க்க எதுவும் இல்லை என்று திருமேனி மேலே திரும்பப் போனார். மேடம் அவர் தோளைத் தொட்டு, கையை நீட்டினார்.

பாசிக்கு நடுவில் ஒரு கிளை தவிட்டு நிறத்தில் நின்றது. நுனியில் வெளிறின மொட்டு. வளர்கிற பவளத்துக்குத்தான் நுனி அப்படி இருக்கும். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அப்புறம் ஒரு பலகையின் அடிவயிற்றில் குறுக்கிக்கொண்டு மூன்றாவது.

மேடம் ஒவ்வொன்றின் கழுத்தாகத் தடவிப் பார்த்தார். டேக் கட்டியிருந்த இடத்தில் அறுபட்ட நரம்பு மட்டும் இருந்தது.

மேலே வந்து இருவரும் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்கள். எந்தக் கேள்விக்காகத் திருமேனி வேலையையும் வீட்டையும் விட்டுவிட்டு வந்தாரோ, அதற்குக் கடல் பதில் சொல்லிவிட்டது. சூட்டைத் தாங்கிய பிள்ளைகள் இதோ. எந்தத் தாயின் பிள்ளைகள் என்று மட்டும் இனி யாராலும் சொல்ல முடியாது. மரபணுவை ஒத்துப் பார்க்கலாம் என்றால் தாய்களில் ஒன்றுகூட மிச்சமில்லை, அவற்றில் துணுக்கு எடுத்துப் பத்திரப்படுத்தி வைத்தவர்களும் இல்லை. கத்தரிக்கோல் பிடித்தது அவருடைய கைதான்.

"அன்னைக்கு எல்லாத்துலயும் பாசி ஏறலை மேடம்," என்றார்.

"தெரியும் சார்."

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. கொண்டுவந்த டேக்ல பாதி சுத்தமா இருந்துச்சு. துண்டு செத்துப் பாசி ஏறியிருந்தா, அதோட ஒட்டிக் கிடந்த டேக்கும் வழவழன்னு பாசியாத்தான் வரும்."

அவர் ஏன் அப்போதே திட்டவில்லை என்று திருமேனிக்குக் கேட்கத் தோன்றவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெட்கத்தில் முகக்கண்ணாடியைக் கழற்றாமலே இருந்தார். மூன்று வருஷம், மேடம், என்று ஆரம்பித்தார். கபீர் அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு கயிற்றைச் சுருட்டினார்.

மேடம் வள்ளத்துக்குள் கையை விட்டுத் துழாவி, தான் கொண்டுவந்திருந்த அந்தப் பழைய டேக் பையை எடுத்தார். அதிலிருந்து மூன்று டேக்கை மட்டும் எடுத்து, பொறித்த பக்கத்தைத் திருப்பி வெறும் பக்கத்தை மேலே வைத்தார். கீறி எழுத ஒரு ஆணியையும் சேர்த்துத் திருமேனியிடம் நீட்டினார்.

திருமேனி ஆணியை வாங்கிக்கொண்டார். "எந்தத் தாயோட எழுத்தை மேடம் போடுறது? அதைத்தான் நான் அறுத்துட்டேனே."

மேடம் முகக்கண்ணாடியில் எச்சில் துப்பித் தேய்த்து மாட்டிக்கொண்டார். அவர் முகத்திலும் அலுப்பு அப்படியேதான் இருந்தது.

"புது எழுத்து போடுங்க சார். இனிமே இதுங்கதான் தாய்."